ஆம்புலன்ஸ்காரி தூங்கிய மதியம்

அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். பாம்புச் செவி. வேலையில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு வாய்த்ததெல்லாம் கோழித் தூக்கம்தான். போன் முழுதாக ஒருமுறை அடித்து முடிப்பதற்குள் கை அதன்மேல் இருக்கும். "உன் காதுக்கு மட்டும் லீவே கிடையாதா?" என்பார் கணவர்.

அந்தக் கோடையில் பிடிவாதமாக விடுப்பு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கடற்கரை ஊருக்குப் போனார்கள். போன மறுநாளே காற்று கிளம்பிவிட்டது. கரையில் சிவப்புக் கொடி ஏற்றி, யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். மணல் முகத்தில் அறைந்தது. தங்கியிருந்த வாடகை வீட்டில் குழாய் ஒழுகியது. கணவருக்குக் குழாய் வேலைதான் தொழில். சும்மா இருப்பாரா? சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா வந்தோம் லீவுக்கு! வாங்கடி, நாம எங்கேயாவது போவோம்" என்று இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மூத்தவள் வாயாடி. இளையவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். பொடிசும் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் கையில் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் வாய் பூட்டிக்கொள்ளும். வகுப்பில் ஒருமுறை எழுத்து தடுக்கி, எல்லோரும் சிரித்ததிலிருந்து அப்படி.

தெருக்கோடியில் ஒரு பொது நூலகம் இருந்தது. கனத்த கதவைத் தள்ளி உள்ளே போனதும் காற்றின் இரைச்சல் வெளியிலேயே நின்றுவிட்டது.

"நாங்க வெளியூரு. கார்டெல்லாம் இல்லைங்க" என்றாள் தயங்கியபடி.

"உக்காந்து படிக்கறதுக்கு எதுக்கும்மா கார்டு? செருப்புல இருக்கிற மண்ணை மட்டும் தட்டிட்டு வாங்க" என்றார் நூலகர்.

சிறுவர் அறையின் சன்னல் கடலைப் பார்த்து இருந்தது. அலையில் பட்ட வெயில் உள்ளே வந்து கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. தரையில் பஞ்சு மூட்டைபோல ஓர் இருக்கை. அவள் அதில் சாய்ந்து, கூரையில் நெளியும் ஒளியைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"அம்மா?" என்றாள் பொடிசு. முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தாள். அசைவில்லை. தூங்குகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டு, தட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த படக்கதையைத் திறந்தாள்.

"ஆ... மை... ஆமை. ஓட்... டை... கழற்றி... காய... வைத்தது."

கனவில் அவள் கடலின்மேல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். சைரன் இல்லை. பின்னால் படுக்கையும் காலி. எங்கிருந்தோ ஒரு சின்னக் குரல் துண்டு துண்டாக வழி சொன்னது. சொன்ன பக்கமெல்லாம் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். அலைகள் பூப்போல ஒதுங்கி வழிவிட்டன. அவசரமே இல்லை.

கை நிறையப் புத்தகங்களோடு திரும்பிய வாயாடி, தங்கை தடுமாறுவதைக் கேட்டதும், "ஏய், அது..." என்று ஆரம்பித்தாள். தட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த நூலகர் உதட்டில் விரலை வைத்தார். வாயாடிக்கு வாயை மூடுவது மலையைப் புரட்டுவதுபோல. ஆனாலும் மூடிக்கொண்டு தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஈரச் சட்டையோடு தேடி வந்த கணவர் வாசலிலேயே திகைத்து நின்றார். "என்னாச்சு இவளுக்கு?"

"தூங்கறாங்க. பூட்ட இன்னும் நேரமிருக்கு. உக்காருங்க" என்றார் நூலகர் மெதுவாக.

குழந்தைகளின் குட்டி நாற்காலியில், முட்டி தாடையில் இடிக்க அவரும் உட்கார்ந்தார். அடுத்த அறையில் யாருடைய போனோ அலறியது. அவர் பதறி மனைவியைப் பார்த்தார். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

வெயில் இறங்கிய பிறகுதான் விழிப்பு வந்தது. கனவில் கேட்ட குரல் இப்போதும் கேட்டது. யாருடையது என்று புரிந்ததும் திறக்கப்போன கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தால் குரல் நின்றுவிடும். மூச்சைக்கூட மாற்றாமல், ஆமை ஓட்டைத் தேடி வீடு திரும்பும்வரை அப்படியே கிடந்தாள்.

"அம்மா, முழிச்சிட்டியா? நான் படிச்சதைக் கேட்டியா?"

"இல்லடி. நல்லாத் தூங்கிட்டேன். என்ன கதை?"

பொடிசு அப்பாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

மறுநாள் கொடியை இறக்கிவிட்டார்கள். காலையில் அலையில் ஆடினார்கள், மதியம் நூலகத்துக்குப் போனார்கள். ஊர் திரும்பிய பிறகும் பொடிசு வகுப்பில் உரக்கப் படிக்க மாதக்கணக்காயிற்று. ஆனால் வீட்டில், அம்மா கண்ணை மூடிப் படுத்துக்கொண்டால் போதும், புத்தகத்தோடு வந்துவிடுவாள். பாதி நாள் அது அம்மாவின் நடிப்பு. மீதி நாள், நடித்தபடியே நிஜமாகத் தூங்கிப்போவாள்.