கருவாட்டு நிறத்தில் இருபத்துநான்கு பூச்சிகள்

பூச்சி கட்டும் வேலை என்றால் இப்போது பலருக்குப் புரியாது. தூண்டில் கொக்கியில் இறகும் மயிரும் வைத்து நூலால் கட்டி, உண்மையான பூச்சி என்று மீன் ஏமாறும்படி செய்வது. நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ட்ரவுட் மீன் பிடிக்கும் கிளப் ஒன்றில் நான் அந்த வேலை செய்தேன். அதற்கு முன் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைத் தூளில் குச்சி பொறுக்கினேன். என் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்துத்தான் கிளப்புக்குக் கூப்பிட்டார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு, நிரந்தரமாக்குவதா திருப்பி அனுப்புவதா என்று சொல்வார்களாம். நான் அலட்டிக்கொள்ளவில்லை. என் பூச்சிக்கு ட்ரவுட் வாய் திறக்காத நாள் குறைவு.

ஐந்தாவது மாதம் கந்தப்பளைப் பக்கத்துத் துரை ஒருவர் வந்தார். மலை ஓடைகளைத் தவிர வேறெங்கும் தூண்டில் போடாதவர். பத்து நாள் லீவில் திருகோணமலைக்குப் போகிறாராம்.

"ராசம்மா, கடல் மீனுக்கு ஃபிளை வேணும். ரெண்டு டஜன். நீயே யோசிச்சுக் கட்டு."

கிளப் செக்ரட்டரி பக்கத்தில் நின்றார். "இதுக்கு மீன் வந்தா இந்த வேலை உனக்கு. இல்லாட்டி ஃபெக்டரிதான்" என்றார்.

நான் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. கடலில் ஏது பூச்சி? பெரிய மீன் சின்ன மீனைத்தான் தின்னும். சின்ன மீன் என்றால் நெத்தலி. நெத்தலியை எனக்குத் தெரியாதா? தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே எப்போதும் ஒரு டப்பா நிறைய இருக்கும். ஒரு பிடி கொண்டுவந்து அளவெடுத்து, அதே நிறம் வரும்வரை வெள்ளைச் சேவல் இறகைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டேன். வெள்ளிக்கிழமை இருபத்துநான்கையும், நல்லா இருக்கு என்று சொல்லியே கொடுத்தேன். துரை "பியூட்டிஃபுல்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயந்திரம் டவுனில் கருவாட்டுக் கடைக்குப் போனேன். கடைக்கார நானா திருகோணமலைப் பக்கத்து மூதூர்க்காரர், கடலோரத்தில் வளர்ந்தவர். பெருமை தாங்காமல், மாதிரிக்கு வைத்திருந்த பூச்சி ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன புள்ள, கருவாட்டையா கட்டி வச்சிருக்கீங்க? உசிரோட இருக்கிற நெத்தலி வெள்ளி மாதிரி மின்னும். இந்த மண்ணு நிறத்த எந்த மீன் திரும்பிப் பாக்கும்?"

கொக்கியையும் புரட்டிப் பார்த்தார். "இந்தக் கறுப்புக் கொக்கி உப்புத் தண்ணியில ரெண்டு நாளைக்குத் தாங்காது" என்று, தன் தம்பி ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பூச்சுக் கொக்கிகள் ஒரு டஜன் கொடுத்தார்.

வெட்கம் பாதி, பயம் பாதியாக வீட்டுக்கு வந்தேன். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். கடலைப் பற்றித் துரைக்கும்தான் ஒன்றும் தெரியாதே. ஆனால் மீனுக்குத் தெரியும். சனிக்கிழமை விடிந்ததும் பங்களாவில் போய் நின்றேன்.

"தொரை, அந்தப் பூச்சி பிழைங்க. கருவாட்டப் பாத்துக் கட்டிட்டேன். நாளைக்கு நீங்க கெளம்புறதுக்குள்ள வேற தாரேன்."

அவர் முகம் சிவந்தது. "நல்லா இருக்குன்னு நீதானே சொன்ன?"

"எனக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்க."

"போ, கட்டு!"

வெள்ளை நிறத்தில் வெள்ளாட்டுத் தாடி மயிர் கிடைத்தது. மினுக்கத்துக்கு என்ன செய்வது? தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் படாமல் விரிக்கும் ஈயத்தாள் ஞாபகம் வந்தது. பழைய ஃபெக்டரிக்கு ஓடினேன். கிழிந்த தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, கீற்றுக் கீற்றாக வெட்டி நானா தந்த கொக்கித் தண்டில் சுற்றி, மேலே மயிரைக் கட்டினேன். லயத்துப் பீலிக் குழாயில் ஓடும் தண்ணீரில் பிடித்து இழுத்தபோது நெளிந்து மின்னியது. பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு முடித்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துத் துரை கிளப்புக்கு வந்தார். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"எத்தனை மீன்?" என்றார் செக்ரட்டரி.

"ஒண்ணும் இல்ல."

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். அதற்குள் துரை பெட்டியைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார். பழுப்புப் பூச்சிகள் இருபத்துநான்கும் விழுந்தன. ஒன்றிலும் பல் பட்ட அடையாளம் இல்லை. வெள்ளைப் பூச்சி ஒன்றைக்கூடக் காணோம்.

"மொத ரெண்டு நாள் பழுப்பப் போட்டேன், ஒரு மீனும் கிட்ட வரல. பொறகு வெள்ள. பன்னெண்டையும் பாறை மீன் கொண்டு போயிருச்சு! நான் கட்டினது ட்ரவுட்டுக்குப் போடுற மெல்லிசு தங்கூசி நூலு, படார் படார்னு அறுந்துச்சு. அது என் பிழை. இவ கட்டின வெள்ளப் பூச்சிய ஒரு மீனும் வேணாம்னு சொல்லல."

செக்ரட்டரி காலிப் பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இன்னும் நாலு டஜன் கட்டு" என்றார். அன்றிலிருந்து அந்த மேஜை என்னுடையது.

முதல் தடவையாகக் கடலுக்குப் போகிறவர்கள் எந்தப் பூச்சி நல்லது என்று கேட்டால் நான் ஒன்றுதான் சொல்வேன். பார்த்ததும் நாம் மெச்சுகிற பூச்சியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பெட்டிக்குத் திரும்பி வராத பூச்சிதான் நல்ல பூச்சி.