தாடியை எடுத்த புதன்கிழமை

ஒருவருடைய தாடியைப் பார்த்தே அவர் வீட்டுக்காரிக்கு எத்தனையாவது மாதம் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. அந்தத் திமிர் அடங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருந்தேன். இரண்டு நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் குமாஸ்தாக்கள். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொள்கிற அளவுக்குத் துணிச்சல்காரர்கள்தான். ஆனால் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்றால் அந்தத் துணிச்சல் போன இடம் தெரியாது. ஐந்தாம் மாதத்திலிருந்து குழந்தை பிறக்கிற வரைக்கும் புருஷன் தலையிலும் முகத்திலும் கத்தி படக்கூடாது, பட்டால் வயிற்றில் இருக்கிறதுக்கு ஆகாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. தாடியோடு யாராவது கடையைத் தாண்டிப் போனால், “சாமி, அறுவடை எப்போ?” என்று கத்துவேன். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

என் மனைவி மருத்துவச்சி. எங்கள் ஜாதியில் ஆம்பிளைகள் கத்தி பிடிப்பார்கள், பொம்பிளைகள் பிரசவம் பார்ப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்குப் போகிற வழியில் குடியிருந்தோம். நான் காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போனால், அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு உத்தர வீதி, சித்திரை வீதி என்று சுற்றுவாள். புருஷனுக்குத் தாடி எடுப்பது நான், பெண்டாட்டிக்குப் பிரசவம் பார்ப்பது அவள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சில வீடுகள் இருந்தன.

அப்படி ஒரு வீட்டு மாப்பிள்ளை ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். டவுனில் ஒரு அறையில் தங்கியிருந்தார். மனைவி உத்தர வீதியில் தாய்வீட்டில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு முதல் குழந்தை பிறந்து, ஒரு நாழிகைகூட இருக்காமல் போய்விட்டது. இது இரண்டாவது. மனிதர் நாலு மாதமாகத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை. கடை திறந்து முதல் ஆளாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எல்லாத்தையும் எடுத்துடுப்பா” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று நான் விழிப்பதற்கு முன்னாலேயே என் மனைவி எங்கேயோ கிளம்பிப் போயிருந்தாள். சரி, இதற்குத்தான் போயிருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

“பொறந்தாச்சா சாமி? பையனா, பொண்ணா?”

கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பையன்” என்றார்.

தெருவுக்கே கேட்கிற மாதிரி நான் போட்ட கூச்சலில் பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

கத்தரியைத் தொடுவதற்கு முன் ஒரு தலையை இரண்டு தடவை சுற்றி வந்து பார்க்கிறது என் பழக்கம். முடி எந்தப் பக்கம் படுக்கிறது, எங்கே நட்டுக்கொண்டு நிற்கும், காது இரண்டும் ஒரே மட்டமா என்று பார்த்து மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வேன். இவருக்கு உச்சியில் இரட்டைச் சுழி. இடது பக்கம் வகிடு எடுத்தால் பின்னால் ஒரு கொத்து எழும்பி நிற்கும். அதனால் வலது பக்கம். பிடரியில் மிஷின் போட்டேன். காதுக்கு மேலே சீப்பை வைத்துக் கத்தரியால் படிப்படியாகக் குறைத்தேன். மேலே மட்டும் சீவிவிடுகிற நீளத்துக்கு விட்டேன். பிறகு தாடி. முதலில் கத்தரியால் ஒட்ட வெட்டி, வெந்நீர்த் துணியைப் போட்டு ஊற வைத்து, சோப்பை நுரைத்து, வார்ப்பட்டையில் பத்துத் தடவை கத்தியைத் தீட்டி, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழேயிருந்து மேலே ஒரு தடவை. படிகாரம் தேய்த்தேன், பவுடர் போட்டேன். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்துப் போய், முகம் இரண்டு நிறமாக இருந்தது.

கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பிடரியைக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மடியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தகப்பன் ஆன திகைப்பு என்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்!

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, உத்தர வீதி வீட்டுல ஆம்பளப் புள்ளையாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

அவள் திரும்பிப் பார்த்தாள். “யாருக்குய்யா ஆம்பளப் புள்ள? மத்தியானம்தான் அந்தப் பொண்ணு வயித்தத் தொட்டுப் பாத்துட்டு வந்தேன். எட்டு முடிஞ்சு ஒம்பது நடக்குது. உள்ள இருக்கறது ஆணா பொண்ணான்னு பெருமாளுக்குத்தான் தெரியும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் நடந்ததை நான் திக்கித் திணறிச் சொல்லச் சொல்ல, அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஊதுகுழலைத் தூக்கி என் மேலே எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறியவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“குழந்த தலைகீழாத் திரும்பலய்யா. காலு கீழ இருக்கு. நானும் பத்து நாளா எண்ணெய் போட்டு நீவிப் பாக்கறேன், அசைய மாட்டேங்குது. என்ன ஆகுமோன்னு நானே வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரியறேன். இதுல நீ போயி கத்திய வச்சிட்டு வந்து நிக்கிற. இது தெரிஞ்சா அந்தப் பொண்ணோட அம்மா என்னை உள்ள விடாது. வேற எவளுக்கும் இந்தப் பிரசவம் கைவராது. வாயத் தொறக்காம இருய்யா. உன்னால முடிஞ்ச உபகாரம் அதுதான்.”

கோபம் பூராவும் அந்த மனிதர் மேல் திரும்பியது. ஆபீஸில் துரைக்கு முன்னால் தாடியோடு நிற்க வெட்கமாக இருந்திருக்கும். அதற்காகப் பிறக்கப் போகிற குழந்தையைப் பணயம் வைப்பானா ஒருத்தன்? மறுநாள் அவர் அறைக்குப் போனேன், பூட்டியிருந்தது. கடையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேனே தவிர வேலை ஓடவில்லை. தினம் பிடிக்கிற கத்தி. அதைத் தொடவே கை கூசியது. வெள்ளிக்கிழமை ஒருவர் கன்னத்தில் கீறிவிட்டேன். கடை வைத்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் உத்தர வீதி வீட்டு வேலைக்காரி ஓடி வந்தாள். வலி எடுத்துவிட்டது. மாப்பிள்ளையைக் கூட்டிவர வண்டி அனுப்பியாயிற்று.

“நீ வராத” என்று சொல்லிவிட்டு என் மனைவி மூட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே போய் அந்த வீட்டுக் கொல்லைக் கதவுக்கு வெளியே சந்தில் நின்றுகொண்டேன். பிரசவ அறை கொல்லையில், கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே அந்தப் பெண் அலறுவது நன்றாகக் கேட்டது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மாப்பிள்ளை வாசல் வழியாக வந்து, வீட்டைத் தாண்டிக் கொல்லையில் இறங்கினார். மழுமழு என்று அதே இரண்டு நிற முகம். வெந்நீர் எடுத்துக்கொண்டிருந்த மாமியார் அவரைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை! என்ன காரியம் பண்ணிட்டேள்! எந்தப் பாவி உங்க மூஞ்சியில கத்தியை வெச்சான்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் வாய்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. பாவி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்குள் போய் நின்றேன்.

“நான்தாங்கம்மா! ஆனா சாமி பையன் பொறந்தாச்சுன்னு சொன்னாருங்க. அதைக் கேட்டுத்தாங்க எடுத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க!”

சொல்லி முடித்ததுமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு அறைக் கதவைப் பார்த்தாள்.

“புருஷன் பண்ணினது போறாதுன்னு பொண்டாட்டி உள்ளே வந்து உக்காந்திருக்காளா? வெளியில வாடீ! என் பொண்ணைத் தொடாதே!”

என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். முழங்கை வரை எண்ணெய். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அம்மா, ஒரு காலு வெளிய வந்திருச்சு. இப்ப நான் போனா ரெண்டு உசுரும் போயிரும்மா.”

“நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன். நீ போ!”

என் கத்தி கெடுத்ததோ இல்லையோ, என் வாய் இரண்டு உயிரைக் கொன்றுவிட்டது என்று நிச்சயமாகத் தோன்றியது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அந்த மாப்பிள்ளை மாமியாருக்கும் அறைக் கதவுக்கும் நடுவில் போய் நின்றார். உரத்த குரலில் பேசி நான் கேட்டிராத மனிதர்.

“அவா ரெண்டு பேர் மேலயும் ஒரு தப்பும் இல்லை. பொய் சொன்னது நான். என்ன ஆனாலும் பழி என்னுது. ஊரைக் கூட்டி நானே சொல்றேன். இப்போ அவளை உள்ளே விடுங்கோ.”

உள்ளேயிருந்து மறுபடியும் ஓர் அலறல். அந்த அம்மாள் தடுமாறினாள். அதற்குள் என் மனைவி யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அந்த அம்மாள் கூடத்துக்குப் போய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

கிணற்றடியில் அவரும் நானும் மட்டும் நின்றோம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“துரைகிட்ட நல்ல பேரு வாங்கறதுக்கா சாமி இப்படிப் பண்ணினீங்க?”

“துரையா?” என்றார். ஒன்றும் புரியாதவர் போல என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ சொல்லித்தான் எடுத்தேன்ப்பா.”

“யாரு?”

“உள்ளே இருக்காளே, அவதான்.”

“அந்தப் பொண்ணேவா?” என்றேன்.

“போன தடவை நான் ஒரு குறை வைக்கலை. தாடி வளர்த்தேன், கூடாதுன்னு சமுத்திர ஸ்நானம்கூடப் பண்ணலை. எங்கம்மா, இவ அம்மா எல்லாரும் எல்லாத்தையும் சரியாப் பண்ணினா. குழந்தை போயிடுத்து. அப்புறம் தப்புப் பண்ணினவான்னு பாக்கி யார் இருக்கா? இவ ஒருத்திதான். அந்தி வேளையில தலை வாரிண்டா, பப்பாளியைத் தொட்டா, ஈரத்தோட வாசல்ல நின்னா. ரெண்டு வருஷமா ரெண்டாத்திலயும் இதே பேச்சு. போன வாரம் பாக்க வந்தப்போ என் கையைப் பிடிச்சுண்டு அழுதா. ‘இந்தத் தடவையும் ஏதாவது ஆனா மறுபடி அந்தப் பேச்சை என்னால கேக்க முடியாது. நீங்க ஒரு தப்புப் பண்ணுங்கோ. எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியறாப்ல ஒரு தப்பு’ன்னா.”

எத்தனையோ தலைகளைப் பார்த்தவன் நான். தலைக்குள்ளே இப்படி ஒன்று இருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

“அப்போ, கத்தி பட்டா ஆகாதுங்கறதை நீங்க நம்பலீங்களா சாமி?”

“நம்பறேன்ப்பா” என்றார். “அதான் மூணு நாளாக் கண்ணை மூடலை.”

சலூனுக்கு வெளியே நான் அவரைத் தொடக்கூடாது என்பதைக்கூட மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விலக்கவில்லை. அறைக்குள் அலறல் நின்றுவிட்டது. அலறியபோது இருந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இந்த நிசப்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. என் மனைவி யாரையோ அதட்டுகிற குரல் கேட்டது. பட்டென்று ஓர் அடி. இன்னொரு அடி. அதற்குப் பிறகு குழந்தை வீறிட்டது.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். மாமியார் கூடத்திலிருந்து ஓடி வந்தாள். கதவு திறந்தது. என் மனைவிக்கு முகமெல்லாம் வியர்வை.

“பொண்ணும்மா. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க.”

அந்த அம்மாள் கோபுரத்துப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். கண்ணீர் ஓடிற்று. கும்பிட்ட கையை இறக்கினாளோ இல்லையோ, மாப்பிள்ளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“பிள்ளைக் குழந்தையாப் பொறக்க வேண்டியது. நீங்க அந்தத் தாடியை எடுக்காம இருந்திருந்தேள்னா பிள்ளையாப் பொறந்திருக்கும்.”

அவர் அறைக் கதவுக்குக் கிட்டே போய் நின்றார்.

“ஆமாம், என்னாலதான்” என்றார். உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்க வேண்டும் என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்: “எல்லாம் என்னாலதான்!”