சுண்ணாம்பு பூசிய கல்

என் தலைச்சன் பிள்ளை பெண். ஞானஸ்நானம் கொடுக்கக் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஜுரம் கண்டு போய்விட்டாள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை மற்றவர்களோடு வரிசையில் வைக்கக்கூடாது என்று எங்கள் சபைப் பெரியவர்கள் அப்போது சொல்லிவிட்டார்கள். சர்ச்சுக்குப் பின்னால், புளியமரத்தை ஒட்டி, வெள்ளைக்காரர்கள் முன்காலத்தில் தங்கள் ஆட்களைப் புதைத்த மூலை ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பெற்றவள் கூடப் போகிற வழக்கம் எங்களில் இல்லை. நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

திரும்பிவந்த என் வீட்டுக்காரரிடம் எங்கே என்று கேட்டேன்.

"சின்னதா ஒரு வெள்ளக்காரன் கல்லு நிக்கிது பாரு, அதுலேர்ந்து மரத்துப் பக்கமா ரெண்டு முழம்" என்றார். அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. பட்டு நூல் முக்கி முக்கிக் கை இரண்டும் மணிக்கட்டு வரை சிவந்திருக்கும். அன்றைக்கு அந்தச் சிவப்பின்மேல் மண் காய்ந்திருந்தது.

பிள்ளைக்குக் கல் நட எங்களுக்கு வசதி இல்லை. குவித்த மண் அந்த ஐப்பசி மழையிலேயே கரைந்துபோயிற்று. அந்த வெள்ளைக்காரன் கல்தான் எனக்கு அடையாளம். கல்லறைத் திருநாள் வந்தால் அவரவர் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நான் அந்தக் கல்லுக்கு அடிப்பேன். உள்ளே யாரோ ஒரு துரை படுத்திருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பயம். "ஐயா, எம் பொண்ணையும் பாத்துக்குங்க" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு கையாலேயே இரண்டு முழம் அளந்து, மண்ணைக் கூட்டி, மெழுகுவர்த்தி வைப்பேன். அடுத்தடுத்து இரண்டு பையன்கள் பிறந்த பிறகும் இதை விடவில்லை.

ஒரு மழையில் ரோட்டுப் பக்கத்து மதில் விழுந்துவிட்டது. மாடுகள் உள்ளே வந்து பழைய கற்களில் முதுகைத் தேய்த்தன. எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தக் கற்களைக் காப்பாற்ற வேண்டும் என்று மதராஸிலிருந்து படித்தவர்கள் இரண்டு பேரை வரவழைத்தார். நானும் கல்லறையில் குழிவெட்டுகிறவர் சம்சாரமும் வீட்டில் தறிக்காகக் குச்சியில் நூல் ஏற்றித் தார் சுற்றுகிறவர்கள். நூலை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போனோம்.

வந்தவர்களில் இளையவர் என் கல்லைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "யாருமா இது, இவ்ளோ சுண்ணாம்பு பூசி வெச்சது? எழுத்தே தெரியலயே!"

நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். குழிவெட்டுகிறவர் சம்சாரம் விடுவாளா? "வெள்ளக்காரன் கல்லாச்சே, கறுத்துப் போனா கோச்சிக்கப் போறான்னு பூசினோம் சார்" என்றாள். அவர்கள் சிரித்தார்கள்.

சுண்ணாம்பு முட்டை ஓடு மாதிரி ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் இறக்கையை மடக்கிய ஒரு புறா. அதற்குக் கீழே எழுத்து. ஐயர் குனிந்து வாசித்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். "ஒரு துரையோட பொம்பளக் குழந்தைமா. பேர்கூடப் போடல. கைக்குழந்தைன்னு மட்டும் இருக்குது."

இத்தனை வருஷம் நான் ஐயா ஐயா என்று கும்பிட்டது ஒரு பச்சைக் குழந்தையை.

புது மதிலுக்குக் கடைக்கால் தோண்டியபோது இன்னொன்றும் கிடைத்தது. ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய மண் தாழி, தடித்த ஓடு. உள்ளே எலும்பு. வெள்ளைக்காரர்கள் வருவதற்கும், சர்ச் கட்டுவதற்கும், இயேசுசாமி பிறப்பதற்குமேகூட முந்தினவர்களாக இருக்கலாம் என்று மூத்தவர் சொன்னார்.

"அப்போ இவங்களுக்கும் ஞானஸ்நானம் ஆவல" என்றாள் குழிவெட்டுகிறவர் சம்சாரம். "இவங்கள எந்த மூலையில போடுவீங்க ஐயரே?"

ஐயர் ஒரு சாக்கை வாங்கித் தாழியை மூடினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தார் சுற்றும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. என் பெண் தனியாக இல்லை, அந்த மண் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் தாய்வீட்டுக்கு, மாகறலுக்குப் போய்விட்டேன். கல்லறைத் திருநாளுக்குத்தான் திரும்பினேன். சுண்ணாம்பு வாளியோடு உள்ளே போனால், புது மதில் நின்றது. பழைய கற்களையெல்லாம் பெயர்த்து, கழுவி, மதிலோரம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்க வைத்த மாதிரி. புறாக் கல் கடைசியில் நின்றது. மூலை முழுவதும் மேடு பள்ளம் இல்லாமல் வெட்டிச் சமமாக்கிச் செம்மண் கொட்டியிருந்தது.

"பாத்தியாமா, இனிமே மாடு இடிக்காது, மழையில சாயாது" என்றார் ஐயர். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அங்கே என் பிள்ளையும் இருப்பதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவர் வருவதற்கு முன்னால் நடந்தது அது.

வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அவர் புளியமரத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், இரண்டு எட்டு நடந்து நின்றார்.

"இங்கதான்."

"நெஜமாவா?"

"இன்னாமே, நான் வெச்ச எடம் எனக்குத் தெரியாதா? அழுவாத."

உட்கார்ந்து செம்மண்ணைக் கூட்டினார். நான் மெழுகுவர்த்தி வைத்தேன். அடுத்த வருஷம் அவர் உட்கார்ந்த இடம் இன்னும் கொஞ்சம் மதிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கடுத்த வருஷம் வேறு. அவர் காட்டின இடத்தில் மெழுகுவர்த்தி வைத்தேன். ஒவ்வொரு தரமும் "இங்கதான்" என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். புறாக் கல்லுக்கும் ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். அந்தக் குழந்தையும் இப்போது கல்லுக்குக் கீழே இல்லையே.

என் பெரிய பையன் பட்டறைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த வருஷம், மார்வலி வந்து அவர் போய்விட்டார். ஐயர் வந்து, வரிசையில் நல்ல இடம் இருக்கிறது என்றார். பெரியவர்களும் சரி என்றார்கள். அவ்வளவு ஆண்கள் முன்னால் நான் வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

"வேணாங்க ஐயரே. அந்த மூலையிலேயே வைங்க."

"அங்க எந்த இடத்துலமா?" என்று கேட்டார்.

"எங்க வெச்சாலும் சரிங்க" என்றேன். "அவரு தேடிக்குவாரு."