சூசையண்ணை ஏன் அந்தத் தாங்கியில் ஓட்டை போட்டார்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்கு நின்றபோதுதான் செய்தி வந்தது. சூசையண்ணையின் மகள் ஜெசிந்தா தொலைபேசியில், "மாமா, அப்பா போட்டார்" என்றாள். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அவள் அழுத பிறகுதான் விளங்கியது. காலையில் முகம் வழித்துக்கொண்டிருந்தவர் கதிரையில் இருந்தபடியே சாய்ந்துவிட்டாராம். முதல்நாள் பின்னேரம் ஊர்காவற்றுறையில் என்னோடு தேத்தண்ணீர் குடித்த மனிதர். படகு வந்தது, போனது. நான் ஏறவில்லை. இன்றுவரை என்னால் நம்ப ஏலவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் தொழிலைச் சொல்லத் தேவையில்லை. சனம் இடம்பெயர்ந்த காலத்தில் கைவிடப்பட்ட எண்ணெய்க் கடைகள், இறங்குதுறைக் கொட்டில்கள், இவற்றின் அடியில் மண்ணுக்குள் கிடந்த டீசல், மண்ணெண்ணெய்த் தாங்கிகளை வெளியே எடுத்தவர். இயந்திரம் போக முடியாத எழுவைதீவில், தாங்கியைக் கழுவி, மண்ணும் சீமெந்தும் நிரப்பி அங்கேயே மூடினவர். நான் அவருடைய வலது கை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. ஆனால் கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர்மார் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். ஒருமுறை தாங்கி ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கினேன். பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அநேகர் கனடாவில்.

சூசையண்ணையோ பெருமை பேசாதவர். மூடியைத் திறக்குமுன் எல்லாருடைய நெருப்புப்பெட்டி, பீடி, கைத்தொலைபேசியை ஒரு பிஸ்கற் தகரத்தில் வாங்கிப் பூட்டுவார். ஆவியை வெளியேற்றத் தாங்கியில் உவர்க்கிணற்றுத் தண்ணீரைத்தான் நிரப்புவார். குடிக்கிற தண்ணீரில் ஒரு வாளி தொடவிடமாட்டார். கழுவின அழுக்கையும் நிலத்தில் ஊற்றவிடாமல் பீப்பாயில் அடைத்து அனுப்புவார். "கிணறு கேளாமலே குடிச்சிடும்" என்பார்.

வேலணையில் ஒரு பழைய கடையின் தாங்கியை எடுத்த நாளுக்கு வருகிறேன். நல்ல கனத்த இரும்பு. சரவணையில் என் தங்கச்சி பரமேஸும் அவள் பேத்தியும் இருக்கிற வீட்டில் பவுசர் வண்டி வந்தால்தான் குடிதண்ணீர். மழைத்தண்ணீர் பிடிக்க அந்தத் தாங்கியைத் தருவதாக அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவளுக்கு மட்டுமா? சரவணை முழுக்கச் சொன்னேன். உழவு இயந்திரத்துக்கு மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினேன். தாங்கி மேலே வந்து, கழுவி முடிந்ததும் சூசையண்ணை உளியும் சுத்தியலும் எடுத்து அதன் வயிற்றில் ஓட்டை போடத் தொடங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணை, இன்னும் நாலுதரம் கழுவினால் எண்ணெய் மணம் போகாதோ?"

"மூக்குக்குப் போகும், துரை. இரும்புக்குப் போகாது."

ஆறு ஓட்டை. பழைய இரும்புக்குப் போகவேண்டிய தாங்கி. நான் விடுவேனா? அவர் போனபின் ஏற்றிச் சென்று, தகரத் துண்டும் பசையும் வைத்து அடைத்துப் பரமேஸ் வீட்டுக் கூரைத் தண்ணீர் வடியும் பீலிக்குக் கீழே நிறுத்தினேன். ஒரு மழையில் அரைவாசி நிரம்பியது. எப்படித்தான் அறிந்தாரோ, அடுத்தநாள் சைக்கிளில் வந்து நின்றார். தங்கச்சி குசினிக்குள் நின்றாள். முற்றத்தில் நானும் அவரும்தான். ஒரு குவளையில் மொண்டு என்னிடம் நீட்டினார். சத்தம் போடவில்லை.

"நீர் முதல் குடியும். பிறகு பேத்திக்குக் குடுப்பம்."

குவளை வாய்க்குக் கிட்ட வந்தது. மணம் இல்லை. மேலே மட்டும் மயில் நிறத்தில் மெல்லிய படலம். கடலுக்கும் ஷெல்லுக்கும் பயப்படாத நான் அதைக் குடிக்கவில்லை. கீழே வைத்தேன். அவர் என் அடைப்புகளைக் கழற்றிவிட்டுப் போனார்.

இனித்தான் எழுதக் கை கூசுகிறது. ஊருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. பொறாமையில் வந்து நல்ல தாங்கியை உடைத்துவிட்டார் என்று சொன்னேன். 'ஓட்டைச் சூசை' என்ற பட்டத்தை வைத்தவனும் நான்தான். பஸ்ஸில் அவர் ஏறினால் பின்னால் சிரிப்புக் கேட்கும். பரமேஸ் அவரைக் கண்டால் வாசல் படலையைச் சாத்துவாள். ஒருநாள் நானே அவரிடம் கோபமா என்று கேட்டேன். "அந்தப் பேரைக் கேட்டால் ஒருத்தரும் பழைய தாங்கியில தண்ணி பிடிக்க மாட்டினம். இருக்கட்டும்" என்றார். அதன்பிறகும் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். ஊருக்கு உண்மையைச் சொல்ல இன்னும் காலம் இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் அவரை இன்னொருவருக்கு அடையாளம் காட்டினார். ஜெசிந்தா கேட்டுவிட்டாள். "மாமா, அப்பா என்ன செய்தவர்? ஏன் அப்பிடிச் சொல்லுகினம்?" இந்த வாய் தீவுப்பகுதி முழுக்கப் பேர்போன வாய். ஒரு சொல் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், பிள்ளை. உன் அப்பா ஒரு குழந்தையின் வயிற்றைக் காப்பாற்றினவர். பொய் சொன்னது நான்.

நேற்றுச் சரவணைக்குப் போய்த் தங்கச்சிக்கும் சொன்னேன். அவள் முற்றத்தில் விளையாடிய பேத்தியைக் கூப்பிட்டு அணைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அந்த மனுசனுக்கு நான் ஒருவாய் தேத்தண்ணி குடுக்கேல்லையே, அண்ணை."

சூசையண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பயம். பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய பயம். அதை இனிக் கைவிடமாட்டேன்.