எல்லோரும் கரை சேரும் படங்கள்

குளிருக்காகவே செலவு செய்து மலை ஏறி வருகிறவர்கள், வந்ததும் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். இத்தனை வருஷமாகியும் இது எனக்குப் புதிதாகத்தான் இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமைக்கிறேன். பிள்ளைகளோடு வருகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம். ஒரு குடும்பம் லீவுக்குக் கிளம்பும், காட்டிலோ தீவிலோ மாட்டிக்கொள்ளும், அப்பா சேற்றில் வழுக்கி விழுவார், குரங்கு அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடும், கடைசியில் ஒருத்தர் குறையாமல் வீடு வந்து சேருவார்கள். பாஷை புரியாவிட்டாலும் கதவோரம் நின்று பார்ப்பேன். எனக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். ஆற்றைத் தாண்டியதும் அந்த அப்பா திரும்பித் தலைகளை எண்ணுவார். ஒன்று குறைந்தால், அது நாய்க்குட்டியாக இருந்தாலும், திரும்பப் போவார். "ஏன் பாட்டி அழுகுறீங்க? காமெடி படங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாது," என்றார் மதுரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. "தெரியுங்கம்மா," என்றேன். அதனால்தான் அழுகை வருகிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

என்னைப் போல சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளைச் சீக்கிரம் வேலையில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிப் பேர் பதிவார்கள். என் அக்கா ராமாயிக்கும் அப்பா அப்படித்தான் பதிந்தார். பிறகு இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுக்கும் காலம் வந்தது. பதினாறு வயது அக்கா காகிதத்தில் பதினெட்டைத் தாண்டியிருந்தாள். அவளுக்குத் தனியாக விண்ணப்பப் பாரம் போட வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியவில்லை. எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்தது, அவளுக்கு வரவில்லை. "மூணே மாசம், வந்து கூட்டிக்கிறேன்," என்று சொல்லி அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது.

அங்கே நாங்கள் இருந்த லயத்துக்கு, வரிசை வீடுதான் என்றாலும், தகரக் கூரையாவது இருந்தது. கொடைக்கானலில் காட்டுக்குள் தார்ப்பாய்க் குடிசை, அப்பா அம்மாவுக்கு மரப்பட்டை உரிக்கும் வேலை. அக்கா தோட்டத்துக் கடைக்காரரிடம் சொல்லி எழுதவைத்துக் கடுதாசி போடுவாள். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். முதல் கடுதாசியை முழுசாகப் படித்தேன். 'என்னை எப்போது கூட்டிப் போவீர்கள்' என்ற வரியைக் கேட்டதும் அப்பா எழுந்து அம்மாவை அடித்தார். வயசைக் கூட்டச் சொன்னதே நீதானே என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அடுத்த கடுதாசியில் அந்த வரியை விட்டுவிட்டேன். "அக்கா சுகமா இருக்காம்பா," என்றேன். அப்பாவும் நிம்மதியாகக் காகிதத்தை வாங்கிக் கூரையில் செருகினார். அதற்கப்புறம் வந்த எல்லாவற்றையும் அப்படியே படித்தேன். கேட்டுக் கேட்டுப் பார்த்து நாலைந்து வருஷத்தில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அம்மா அடிபடக் கூடாதென்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பாதிதான் நிஜம். எங்களிடம் ஒரே ஒரு கம்பளி இருந்தது. அங்கே நானும் அக்காவும் அதற்குச் சண்டை போட்டுக்கொண்டு படுப்போம். இங்கே அது முழுசாக எனக்கு.

போன வருஷம் அக்கா டூரிஸ்ட் விசாவில் பத்து நாளைக்கு வந்தாள். ஹோம்ஸ்டேயில் ஆளில்லாத ஒரு மத்தியானம் அவளை சோபாவில் உட்கார வைத்து அந்த மாதிரி ஒரு படம் போட்டேன். குரங்கைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தொப்பியப் போட்டதும் நம்ம கங்காணி மாதிரியே இருக்கு பாரு!" அப்பாக்காரர் வெள்ளத்தில் திரும்ப இறங்கி மகளைத் தூக்கும் இடம் வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"நான் போட்ட கடுதாசி ஒண்ணாச்சும் வந்துச்சா பாப்பா?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். தபால்காரர் மேல் பழி போயிருக்கும்.

"எல்லாம் வந்துச்சுக்கா. நாந்தான் படிச்சேன். கூப்பிடச் சொல்லி நீ எழுதுனத மட்டும் அப்பாகிட்ட படிக்கல."

"அப்ப அந்த மனுசனுக்குத் தெரியவே தெரியாதா?"

"சாகுற வரைக்கும் தெரியாது. நீ அங்க நல்லா இருக்கன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு."

"செத்த சேதி வந்தப்ப நான் தலைகூட முழுகலடி," என்றாள். "போய்த் தொலையட்டும்னு வேலைக்குப் போனேன்."

நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தொடப் போனேன். அவள் இரண்டு காலையும் மடக்கி சோபா மேல் வைத்துக்கொண்டாள். "எம் பேத்தியும் எனக்குப் படிச்சுக் காட்டுறா. ஒரு எழுத்து விடமாட்டா. நல்லா வளத்திருக்கேன்ல?" என்றாள். அப்புறம், "படத்த மறைக்காத, தள்ளு," என்றாள். கடைசி வரைக்கும் பார்த்தாள். சிரிப்பு வந்த இடத்திலெல்லாம் சிரித்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் வீடியோ கால் போடுகிறேன். எடுக்கிறாள், முகம் காட்டுவதில்லை. போனை டிவிப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறாள். நான் பிறந்த அந்த லயத்தில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏதாவது படம் பார்க்கிறாள். இந்த மலையில் சிக்னல் இழுத்து இழுத்துத்தான் வரும். அவர்கள் சிரிக்கும் சத்தம் முதலில் வந்துவிடுகிறது. திரையில் யாரோ தண்ணீரில் விழுவது பிறகுதான் தெரிகிறது. அங்கே எல்லோரும் சிரித்து ஓய்ந்த பின், இங்கே அடுப்படியில் நின்றுகொண்டு நான் சிரிக்கிறேன்.