லோரிக்கு முன்னால் உடைந்த கிரகம்

என் மகள் ஆறாம் ஆண்டு படித்தாள். வீட்டில் வாய் ஓயாது. நாலு பேர் முன்னால் நிறுத்தினால் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் நிற்பாள். அவளைத்தான் கோலசிலாங்கூரில் நடந்த அறிவியல் கண்காட்சியில் பேச அனுப்பியது பள்ளிக்கூடம். பேசாமல் நின்று அவமானப்பட்டுவிடுவாளோ என்று ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் எடுத்துக்கொண்டது எச்டி 189733 பி என்ற வாயுக் கிரகம். அறுபத்துச் சொச்சம் ஒளியாண்டு தூரம். வியாழனைவிடச் சற்றுப் பெரியது. ஆனால் இரண்டேகால் நாளுக்குள் அங்கே ஓர் ஆண்டு முடிந்துவிடும். நீல நிறம், அழுகிய முட்டை வாடை, போதாததற்குக் கண்ணாடித் துகள் பக்கவாட்டில் மழையாக அடிக்குமாம். எங்கள் புக்கிட் பெலிம்பிங் வெயிலே தேவலாம் என்றேன்.

கிரகத்துக்கு மாதிரியாகச் செய்த காகிதக்கூழ் உருண்டை அடைமழையில் காயவே இல்லை. பெரிய நீர்ப்பூசணி ஒன்றை வாங்கி நீலச் சாயம் பூசினோம். மேலே ஓட்டை போட்டு, உள்ளே கொதிப்பதைக் காட்டக் குங்குமம் கொட்டினாள். உள்ளே சிவப்பு என்பது அவளுடைய கற்பனை. மழை விட்டதும், சாயம் காய வாசலில் வைத்தோம்.

கண்காட்சியன்று காலையில்தான் என் தம்பி செம்பனைக் குலை ஏற்றப் புதிதாக வாங்கிய லோரிக்கு எங்கள் வாசலில் பூசை. நான் அடுப்படியில் இருந்தேன். டமார் என்று சத்தம்.

"என்னடா உடைச்ச?"

"திருஷ்டிப் பூசணிதான்க்கா. நீயே ஓட்டை போட்டு, குங்குமம் வெச்சு, ரெடியா வெச்சிருந்தே லா!"

"நீலப் பூசணியை எங்கடா பார்த்த? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"லோரியும் நீலம்தானேக்கா. நீதான் மேட்சிங்கா பூசி வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

மகள் வாளியை எடுத்து வந்து வாசலில் வைத்தாள். அழுதிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். துண்டுகளை வாளியில் அள்ளிக்கொண்டு, அதே லோரியில் போனோம்.

நடுவர் அம்மா வாளியை எட்டிப் பார்த்தார். "கிரகம் ஏம்மா இப்படி உடைஞ்சிருக்கு?"

மகள் என்னைப் பார்த்தாள். என் பின்னால் நின்ற மாமனைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"எங்க மாமாவுக்கு அறிவே இல்லைங்க டீச்சர்!"

அந்தக் கோபத்தில் திறந்த வாய்தான். லோரிப் பூசையில் தொடங்கி, காற்று, வெப்பம், கண்ணாடி மழை, முட்டை வாடை என்று மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினாள். மணியடித்தும் நிறுத்தவில்லை. கூட்டம் சிரித்தது, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தம்பியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் காதருகே குனிந்தான். "அக்கா, அடுத்த வருசம் என்னத்த உடைக்கணும்? இப்பவே சொல்லிடு."