ட்யூனிங்குக்கு முந்தின நாள்

எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டுக்கு கேம்ஷாஃப்ட் என்று பெயர். பாலிடெக்னிக்கில் வருஷா வருஷம் அதைப் பலகையில் வரைந்து பாடம் நடத்துகிறவள் நான். என் பழைய காரிலும் வேகத்துக்கென்று செய்த ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ஒரு சனிக்கிழமை போட்டும் விட்டேன்.

புதுத் தண்டு வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். ஆனால் காரின் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. பழைய கணக்கிலேயே பெட்ரோல் விட்டுக்கொண்டிருக்கும். அதைத் திருத்துவதுதான் ட்யூனிங். திருச்சியில் அதைச் செய்பவர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். "அதுவரைக்கும் மிதிக்காதீங்க மேடம். மெதுவா ஓட்டுங்க. வண்டி நின்னா எஞ்சின் ஆஃப் ஆயிடும், பயந்துடாதீங்க" என்று போனில் சொன்னார்.

நடுவில் இருந்த ஞாயிற்றுக்கிழமை என் தோழிக்குக் கல்யாணம்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, ஆற்றங்கரைச் சாலையில் இருக்கிறது. அவள் எதிர்வீடு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நர்ஸாக வேலை பார்க்கிறாள். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கணவர் விபத்தில் போய்விட்டார். இப்போது நாற்பதைத் தாண்டிய பிறகு, குடவாசல் பக்கத்து வாத்தியார் ஒருவர், அவரும் மனைவியை இழந்தவர், பெண் கேட்டு வந்தார். இவளுக்கும் பிடித்திருந்தது. மகளுக்குத்தான் பிடிக்கவில்லை. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். "நீ பண்ணிக்க. நான் வரல" என்று சொன்னதோடு அம்மாவின் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டாள்.

திருவையாற்றுப் பக்கம் ஒரு சிவன் கோயிலில் தாலி கட்டுவதாக ஏற்பாடு. சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சொல்லி வைத்திருந்த கார் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. தெருவில் மிச்சம் இருந்தது என் கார்தான்.

ஸ்டார்ட் செய்ததும் வண்டி முழுக்க உதறியது. பட்டுப்புடவையோடு முன்சீட்டில் உட்கார்ந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது, மாவு மில்லுல உக்காந்த மாதிரி இருக்கு?"

"ஓட ஆரம்பிச்சா அடங்கிடும். நிக்காம போனாப் போதும்."

நிற்காமல்தான் போனேன். ஆக்சிலரேட்டரில் காலை வைத்தும் வைக்காமலும், சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போகிற வேகத்தில். குறுவை அறுத்த வயல்கள் இரண்டு பக்கமும் வெளுத்துக் கிடந்தன. ஒரு வளைவில், மேய்ச்சலுக்கு ஓட்டி வந்த வாத்துக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு கடந்தது. பிரேக்கைத் தொட்டேன். இரண்டு குலுக்கல், அவ்வளவுதான், எஞ்சின் அணைந்தது. திரும்பப் போட்டால் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. பெட்ரோல் நாற்றம் மூக்கில் ஏறியது.

"பெட்ரோல் அதிகமாப் போயிடுச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

"ஆறட்டும்டி. காலைலேருந்து இப்பதான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள். வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நான் பண்றது சரிதானா?" என்று கேட்டாள்.

"அவர் நல்ல மனுஷன். உனக்கும் பிடிச்சிருக்கு. அப்புறம் என்ன?"

"அவ இல்லாம மணையில எப்படி உக்கார்றது?"

அவள் மடியில் இருந்த போன் அடித்தது. திரையில் மகள் பேர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். கோயிலுக்கு எந்த பஸ்ல ஏறணும்?"

அவள் போனை என்னிடம் நீட்டினாள். "அங்கயே நில்லு. நாங்க வர்றோம்" என்றேன்.

வாத்து ஓட்டி வந்தவர் தோள் கொடுத்துத் தள்ளினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தக் குறுகின சாலையில் முன்னும் பின்னுமாக அடித்துத் திருப்புவதற்குள் இன்னும் ஒரு தடவை அணைந்தது. அவர் சிரித்துக்கொண்டே மறுபடி தள்ளினார்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் எஞ்சினை உறுமவிட்டபடியே வண்டியை நிறுத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் ஓடி வந்து பின்சீட்டில் ஏறினாள். வண்டி உதறிக்கொண்டே வந்தது.

"அத்தை, இந்தக் காருக்கு என்ன ஆச்சு?"

"நாளைக்குத்தான் ட்யூனிங்."

"ஓ" என்றாள். பிறகு, "அம்மா, பூ ஒரு பக்கமாத் தொங்குது. தலையைக் கொஞ்சம் திருப்பு" என்று எட்டிக் கழன்றிருந்த சரத்தைச் செருகிவிட்டாள். என் தோழி கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மை கலைந்ததற்கும் மகள்தான் அதட்டினாள்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை போனும் கையுமாக நின்றிருந்தார். முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் இருந்தது. மகளைப் பார்த்ததும், "வந்துட்டியாம்மா? உள்ள வா, முதல்ல டிபன் சாப்பிடு" என்றார். தாலி கட்டும்போது அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்று, கூந்தலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் என்னோடேயே திருச்சிக்கு வந்தாள். ட்யூனர் லேப்டாப்பைச் செருகி வேலை பார்த்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேள்வி கேட்டாள். வேலை முடிந்தபோது கார் நின்றிருக்க, எஞ்சின் உதறாமல் ஓடியது. அவளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டேன். கதவில் கை வைத்தவள் இறங்காமல் திரும்பினாள்.

"அத்தை, அவரை எப்படிக் கூப்பிடுறது? அப்பான்னு வரல."

"வர்றப்ப வரட்டும். வராட்டியும் போகுது. அவரையே கேளேன்."

"சார்னு கூப்பிடவா?"

"வாத்தியாருக்கு அது பழக்கம்தான்."

சிரித்துவிட்டாள். கல்யாண முறுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, போனில் அவர் நம்பரைத் தேடியபடியே உள்ளே போனாள்.